பொங்கோல் கடலோர வீட்டில் விடியற்காலைச் சூறைக்காற்று: எதற்குப் பயப்பட வேண்டும், எதற்கு வேண்டாம்?

நீங்கள் எழுதியதைச் சுருக்கமாகத் திருப்பிச் சொல்கிறேன், நான் சரியாகப் புரிந்துகொண்டேனா என்று பாருங்கள். சிங்கப்பூரின் வடகிழக்கே பொங்கோலில், ஜோகூர் நீரிணையைப் பார்த்த 14வது மாடி வீட்டுக்கு மூன்று மாதத்துக்கு முன் குடிவந்தீர்கள். சென்ற வாரம் விடியற்காலை ஐந்தே முக்காலுக்குத் திடீரென்று காற்று வந்து அறைந்தது. பால்கனிக் கண்ணாடிக் கதவு கண்ணுக்குத் தெரியும்படி உள்ளே வளைந்தது. கதவின் அடியிலிருந்து தண்ணீர் கொப்பளித்துக் கூடத்துக்குள் வந்தது. துளசித் தொட்டி உருண்டு உடைந்தது. விளக்கேற்ற எழுந்த மாமியார் பயந்துபோய்ச் சாமி அறையிலேயே உட்கார்ந்துவிட்டார். இருபது நிமிடத்தில் எல்லாம் அடங்கி, வெறும் மழையாகிவிட்டது. இது புயலா, கண்ணாடி உடைந்திருக்குமா, சன்னலைக் கொஞ்சம் திறந்து வைத்தால் அழுத்தம் குறையுமா, வீட்டை விற்றுவிடலாமா என்று நான்கு கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். நான்குக்கும் அடியில் இருப்பது ஒரே கேள்விதான் என்று தோன்றுகிறது: அடுத்த முறை இப்படி வரும்போது பிள்ளையை அந்த வீட்டில் நிம்மதியாகத் தூங்க வைக்கலாமா?

வைக்கலாம். ஆனால் அதற்கு முன் சில இடங்களைக் கையால் தொட்டுப் பார்க்க வேண்டும். எவை என்று கீழே சொல்கிறேன்.

நான் கட்டடங்களின் வெளிமுகப்பு, கண்ணாடி, சன்னல் ஆகியவற்றைப் பரிசோதிக்கும் வேலையில் 24 ஆண்டுகளாக இருக்கிறேன். வானிலை என் படிப்பு அல்ல. ஆனாலும் காற்று அடித்த மறுநாள் எது கழன்றது, ஏன் கழன்றது என்று போய்ப் பார்ப்பதே என் பிழைப்பு என்பதால் இந்தக் காற்றைப் பற்றிக் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. வெஸ்ட் கோஸ்டில் கடலைப் பார்த்த வீட்டில் பல ஆண்டுகளாகக் குடியிருக்கிறேன். உங்களிடம் வருவதற்கு முன் அந்தக் காற்று எங்கள் பக்கத்தைத்தான் தொட்டுவிட்டு வரும்.

முதலில், இது புயல் இல்லை. நீங்கள் சொல்லும் நேரம், திடீர் வேகம், இருபது நிமிடத்தில் அடங்கியது ஆகிய மூன்றையும் சேர்த்துப் பார்த்தால், இது சுமத்ரா சூறைக்காற்று என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. சுமத்ரா தீவின் மேலோ மலாக்கா நீரிணையின் மேலோ இரவில் இடிமேகங்கள் வரிசையாகத் திரண்டு, கிழக்கு நோக்கி நகர்ந்து, பெரும்பாலும் விடியலுக்கு முன்போ காலையிலோ சிங்கப்பூரைக் கடக்கும். ஏப்ரல் முதல் நவம்பர் வரைதான் இதன் காலம். பாய்மரக் கப்பல் நாட்களிலிருந்தே இந்தப் பக்கத்து மாலுமிகள் இதைச் ‘சுமத்ரா’ என்று அதன் பேரையே சொல்லி அழைத்தார்கள். இரவில் இரு கரைகளிலிருந்தும் வீசும் நிலக்காற்று நீரிணையில் மோதி மேலெழுவதும், அதைத் தென்மேற்குக் காற்று கிழக்கே தள்ளுவதும்தான் காரணம் என்பது பொதுவான விளக்கம். சுமத்ராவின் மலைத்தொடருக்கும் இதில் பங்கு உண்டு. எந்த இரவில் எது எவ்வளவு வேலை செய்கிறது என்பதில் துறைசார்ந்தவர்களிடையே இன்னும் பேச்சு இருக்கிறது. அதனால்தான் முதல் நாள் மாலையே ‘நாளை வரும்’ என்று உறுதியாகச் சொல்ல முடிவதில்லை. நீரிணையைத் தாண்டுமுன்பே கரைந்துபோவதும் உண்டு, தாண்டும்போது வலுப்பதும் உண்டு.

புயல் என்று நம் ஊர்ப்பக்கம் சொல்வது, நாகப்பட்டினத்திலும் கடலூரிலும் பாட்டி தாத்தாக்கள் பார்த்தது, வேறு வகை. அது பல நாட்கள் கடலில் சுழன்று வளர்வது. அப்படிச் சுழல்வதற்குப் பூமியின் சுழற்சி கைகொடுக்க வேண்டும், நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் அந்த உதவி மிகக் குறைவு. சிங்கப்பூர் நிலநடுக்கோட்டிலிருந்து ஒன்றரை பாகைக்குள் இருக்கிறது. விதிவிலக்காக ஒன்று நடந்தது. 2001 டிசம்பர் 27 அன்று வாமெய் என்ற புயல் சிங்கப்பூருக்கு வடகிழக்கே ஏறக்குறைய 60 கிலோமீட்டரில், தென்கிழக்கு ஜோகூரில் கரை கடந்தது. இவ்வளவு தாழ்ந்த அட்சரேகையில் ஒரு புயல் உருவானதை வானிலை அறிஞர்கள் இன்றும் வியந்து பேசுகிறார்கள். ஆக, ‘நடக்கவே நடக்காது’ என்று சொல்ல மாட்டேன். ஆனால் சென்ற வாரம் உங்கள் கதவைத் தட்டியது அது இல்லை.

இப்போது வேகம். சிங்கப்பூரில் சாதாரண நாட்களில் சராசரிக் காற்று மணிக்கு 9 கிலோமீட்டருக்கும் குறைவு. சுமத்ரா சூறைக்காற்றில் வீச்சு பொதுவாக மணிக்கு 40 முதல் 80 கிலோமீட்டர் வரை போகும். 2024 செப்டம்பர் 17 மாலை அடித்ததில், தீவின் மேற்கே தெங்காவில் 83.2 கிலோமீட்டர் பதிவானது. தீவு முழுவதும் 300க்கும் மேற்பட்ட இடங்களில் மரங்கள் சாய்ந்தன, கிளைகள் முறிந்தன. சிங்கப்பூரில் இதுவரை பதிவானதில் மிக அதிகம் 1984 ஏப்ரல் 25 அன்று தெங்காவில், மணிக்கு 144.4 கிலோமீட்டர்.

இந்த எண்கள் உங்கள் கதவுக்கு என்ன செய்யும் என்பதுதான் முக்கியம். காற்றின் அழுத்தம் வேகத்தின் வர்க்கத்தில் ஏறும், அதாவது வேகம் இரண்டு மடங்கானால் அழுத்தம் நான்கு மடங்கு. ஒரு மீட்டர் அகலமும் 2.4 மீட்டர் உயரமும் உள்ள கண்ணாடிக் கதவை எடுத்துக்கொள்ளுங்கள். தினசரிக் கடற்காற்று அதன் மேல் ஒரு கிலோ எடைக்குச் சமமாகத் தள்ளும். 40 கிலோமீட்டர் வீச்சு 18 கிலோ அளவுக்குத் தள்ளும். 80 கிலோமீட்டர் வீச்சில் அது 73 கிலோ ஆகிவிடும், அதாவது வளர்ந்த ஓர் ஆள் தன் முழு எடையையும் கதவின் மேல் சாய்த்து நிற்பதுபோல. கண்ணாடி வளைந்ததைப் பார்த்தீர்கள் அல்லவா, அதுதான் இது. வளைவது இயல்பு. கண்ணாடி வளைந்துகொடுக்கும்படிதான் வடிவமைக்கிறார்கள், கட்டட விதிகள் எதிர்பார்க்கும் அழுத்தமும் இதைவிட மிக அதிகம். பொதுவாக உயரத்தில் காற்று பலம் கூடும், தண்ணீருக்கு மேல் தடை இல்லாததால் இன்னும் கூடும். வானிலை நிலையங்கள் அளப்பது தரையிலிருந்து 10 மீட்டர் உயரத்தில். அதனால் செய்தியில் 60 என்று சொல்லும்போது உங்கள் பால்கனியில் அதைவிட அதிகமாக இருந்திருக்கலாம். எவ்வளவு அதிகம் என்பதைக் கணக்குப் போட்டுச் சொல்ல நான் தயங்குவேன். இடிமேகத்திலிருந்து கீழே விழுந்து பரவும் காற்று, சாதாரணக் காற்றைப்போல் உயர உயர ஒழுங்காகக் கூடுவதில்லை.

தண்ணீர் வந்தது பற்றி. இதைத்தான் எல்லாரும் கதவு கெட்டுவிட்டது என்று தவறாக நினைக்கிறார்கள். சறுக்குக் கதவின் அடித் தண்டவாளத்தில் மழைநீர் தேங்கி, வெளிப்பக்கம் இருக்கும் சிறு வடிகால் துளைகள் வழியாக வெளியேற வேண்டும். காற்று 80 கிலோமீட்டரில் அடிக்கும்போது அந்த அழுத்தம் தண்ணீரை மூன்று சென்டிமீட்டர் உயரம் வரை தூக்கிப் பிடிக்கும். தண்டவாளத்தின் உள்விளிம்பு அதைவிடத் தாழ்வாக இருந்தால், தண்ணீர் வெளியேறுவதற்குப் பதில் கூடத்துக்குள் கொப்பளிக்கும். காற்று அடங்கியதும் அதே துளை வழியாக வடிந்துவிடும். துளைகளில் தூசியும் கட்டுமான சிமெண்டுத் துகளும் அடைத்திருந்தால் நிலைமை இன்னும் மோசம், புது வீடுகளில் இது அடிக்கடி நான் பார்ப்பது. ஒரு பழைய பல்துலக்கியும் ஒரு குவளைத் தண்ணீரும் போதும்: தண்டவாளத்தைத் தேய்த்துக் கழுவிவிட்டுத் தண்ணீரை ஊற்றுங்கள், வெளியே சீராகப் போக வேண்டும். தயவுசெய்து ஒன்று மட்டும் செய்யாதீர்கள். ‘ஒழுகுகிறதே’ என்று யாராவது சிலிக்கான் பசையை வைத்து அந்தத் துளைகளை அடைக்க வந்தால் விடாதீர்கள். அடைத்த வீடுகளில் தண்ணீருக்கு வெளியே போக வழியில்லாமல் மரத்தரை ஊதி எழும்பியதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். சூறைக்காற்று நேரத்தில் தண்டவாளத்தின் உள்பக்கம் ஒரு பழைய துண்டைச் சுருட்டி வைப்பது அதைவிட நல்ல வைத்தியம்.

சன்னலைக் கொஞ்சம் திறந்து வைக்கலாமா என்று கேட்டீர்கள். வேண்டாம். உள்ளேயும் வெளியேயும் அழுத்தம் சமமாகிவிடும் என்ற எண்ணம் கேட்க நியாயமாக இருக்கும். உண்மையில் காற்று அடிக்கும் பக்கம் ஒரு திறப்பு இருந்தால், அழுத்தம் உள்ளே புகுந்து அறைக் கதவுகளை அறையும், எதிர்ப்பக்கச் சன்னல்களை உள்ளிருந்து வெளியே தள்ளும். அந்த எதிர்ப்பக்கச் சன்னல்களை வெளிக்காற்று ஏற்கெனவே வெளியே இழுத்துக்கொண்டிருக்கும். தள்ளுவதும் இழுப்பதும் ஒன்றுசேர்ந்தால்தான் ஆபத்து.

இங்கேதான் என் உண்மையான கவலை இருக்கிறது, கொஞ்சம் நின்று சொல்கிறேன். எல்லாரும் முன்னால் அதிரும் பெரிய கண்ணாடியைப் பார்த்துப் பயப்படுகிறார்கள். நான் பயப்படுவது பக்கவாட்டு அறையில் யாரும் கவனிக்காமல் திறந்து கிடக்கும் சின்னச் சன்னலுக்கு. கட்டடத்தின் மூலையைச் சுற்றிக் காற்று வளையும்போது பக்கச் சுவரில் உறிஞ்சும் விசை உருவாகும். வெளிப்பக்கமாகத் திறக்கும் சன்னல் பாதி திறந்திருந்தால், அந்த விசை அதைப் பிடித்து ஆட்டும். முழு எடையையும் தாங்குவது கீலும், அதைச் சட்டத்தோடு பிடித்திருக்கும் ஆணி போன்ற ரிவிட்டுகளும்தான். என் தொழிலின் ஆரம்பக் காலத்தில், ஒரு விடியற்காலைக் காற்றுக்குப் பிறகு பழைய அடுக்குமாடிக் கட்டடம் ஒன்றுக்குப் போனேன். ஒன்பதாவது மாடியிலிருந்து சன்னல் ஒன்று சட்டத்தோடு கழன்று கீழே நடைபாதையில் கிடந்தது. பள்ளிப் பேருந்துக்குப் பிள்ளைகள் நிற்கும் இடம் அது. கால் மணி நேரம் முன்பின் ஆகியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றும் நினைப்பேன். மேலே போய்ப் பார்த்தால் அலுமினிய ரிவிட்டுகள் வெள்ளைப் பொடியாகிக் கையோடு வந்தன. அலுமினியமும் துருப்பிடிக்காத எஃகும் ஈரத்தில் ஒட்டியிருந்தால் அலுமினியம் அரிக்கப்படும், கடற்காற்றின் உப்பு அதை விரைவுபடுத்தும். இதனால்தான் வெளிப்பக்கம் திறக்கும் சன்னல்களில் அலுமினிய ரிவிட்டுகளை எடுத்துவிட்டுத் துருப்பிடிக்காத எஃகு ரிவிட்டுகளைப் போட வேண்டும் என்று 2004 முதல் சட்டமே இருக்கிறது. மாற்றாமல் விட்டால் 5,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். பராமரிப்புக் குறைவால் சன்னல் விழுந்தால் 10,000 வெள்ளி வரை அபராதம், ஓராண்டு வரை சிறை, அல்லது இரண்டும்.

உங்கள் வீடு புதியது, ரிவிட்டுகள் எஃகாகத்தான் இருக்கும். ஆனாலும் ஒவ்வொரு சன்னலையும் திறந்து பாருங்கள். கீலில் எல்லாத் திருகும் ரிவிட்டும் இடத்தில் இருக்கிறதா, சன்னல் தொங்கலாக இருக்கிறதா, மூடும்போது சட்டத்தில் உரசுகிறதா? சறுக்குச் சன்னலாக இருந்தால் தண்டவாளத்தின் மேலிருந்து கதவு தூக்கிக்கொண்டு வராமல் பிடிக்கும் பட்டையும், ஓரத்தில் தடுப்பானும் இருக்கிறதா? பால்கனிக் கதவை மூடிவிட்டுத் தாழ்ப்பாளையும் போடுங்கள். மூடினால் போதும் என்று பலர் விட்டுவிடுகிறார்கள், ஆனால் கதவைச் சட்டத்தோடு இறுக்கிப் பிடிப்பது தாழ்ப்பாள்தான். ஏதாவது சந்தேகம் என்றால் அங்கீகரிக்கப்பட்ட சன்னல் குத்தகையாளரை அழைத்துக் காட்டுங்கள். படத்தைப் பார்க்காமல், கையால் ஆட்டிப் பார்க்காமல் உங்கள் கதவு ‘நூறு சதவிகிதம் சரி’ என்று நான் இங்கிருந்து சொல்வது பொறுப்பில்லாத பேச்சு.

கண்ணாடியில் பெருக்கல் குறி மாதிரி நாடா ஒட்டச் சொல்வார்கள். பயனில்லை, அது கண்ணாடிக்கு ஒரு பலமும் கொடுக்காது. காற்று உச்சத்தில் இருக்கும்போது பிள்ளையையும் பெரியவரையும் கண்ணாடியிலிருந்து தள்ளி, உள் அறையிலோ நடைவழியிலோ இருக்கச் சொல்லுங்கள். மாமியார் சாமி அறையில் உட்கார்ந்தது உண்மையிலேயே சரியான இடம், அதை அவரிடம் சொல்லுங்கள். வீடே ஆடியது என்று எழுதியிருந்தீர்கள். உங்களுடையது போன்ற கான்கிரீட் அடுக்குமாடிக் கட்டடம் இந்தக் காற்றில் உணரும் அளவுக்கு ஆடாது. கண்ணாடியும் கதவும் அதிர்வது கால் வழியாகக் கட்டடமே ஆடுவதுபோல் தெரியும். காற்றே இல்லாத நேரத்தில் தொங்கும் விளக்கு மெதுவாக ஊசலாடினால் அது வேறு, சுமத்ராவில் எங்கோ நிலநடுக்கமாக இருக்கலாம்.

பால்கனிக்கு வருவோம். உடைந்தது துளசித் தொட்டி என்பதால் மனசு கஷ்டமாக இருந்திருக்கும். ஆனால் அது உள்பக்கமாக உருண்டது பெரிய ஆறுதல். கடலோர வீடுகளில் கைப்பிடிச் சுவரின் மேல் எதையும் வைக்காதீர்கள். கறிவேப்பிலையும் துளசியும் கனமான மண்தொட்டியில், தரையில், மூலையில் இருக்கட்டும். பிளாஸ்டிக் நாற்காலி, துணி காயப்போடும் மூங்கில் கழி, குழந்தையின் சின்ன சைக்கிள் இவையெல்லாம் 14வது மாடியிலிருந்து கீழே விழுந்தால் உயிருக்கு ஆபத்து. பால்கனியில் சுருட்டுத் திரை போட்டிருந்தால், காற்று வருமுன் மேலே சுருட்டிவிட வேண்டும். அது மழையைத் தடுக்கத்தான், சூறைக்காற்றைத் தாங்க இல்லை. எங்கள் வீட்டில் ஒருமுறை இறக்கியபடியே தூங்கிவிட்டோம். பாய்மரம்போல் ஊதி, பக்கத்துப் பிடிமானத்தைச் சுவரிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்தது.

காற்று வருவது முன்கூட்டியே தெரியுமா? பத்து இருபது நிமிடம் முன்னால் பெரும்பாலும் தெரிந்துவிடும். சிங்கப்பூர் மேற்கிலிருந்து கிழக்காக ஏறக்குறைய 50 கிலோமீட்டர். இந்த மேக வரிசை துவாஸில் நுழைந்து சாங்கியைத் தாண்ட ஒரு மணி நேரம் போல் ஆகும், நீங்கள் வடகிழக்கில் இருப்பதால் உங்களுக்கு அவகாசம் அதிகம். இரவு எழுந்தால் கைப்பேசியில் சிங்கப்பூர் வானிலை ஆய்வகத்தின் மழை ரேடார் படத்தைப் பாருங்கள். 240 கிலோமீட்டர் படத்தில், மலாக்கா நீரிணையில் வடக்கு தெற்காக ஒரு நீண்ட வில்போலச் சிவப்பும் மஞ்சளும் நெருங்கி வந்தால் அதுதான். ரேடார் இல்லாமலும் கண்டுபிடிக்கலாம். எங்கள் வீட்டிலிருந்து ஜூரோங் தீவின் விளக்குகள் தெரியும். காற்று சுத்தமாக நின்றுபோய், புழுக்கமாக இருக்கும். அப்புறம் மேற்கே கடைசி விளக்கிலிருந்து ஒவ்வொன்றாக அணைந்துகொண்டே வரும். அணைவதில்லை, மழைத்திரை மறைக்கிறது. அதைத் தொடர்ந்து திடீரென்று குளிர்ந்த காற்று முகத்தில் படும், அதுதான் முன்வரிசை. மழை அதற்குப் பிறகுதான். உங்கள் பால்கனியிலிருந்து மேற்கே செம்பவாங் பக்கத்து விளக்குகளைப் பார்த்துப் பழகுங்கள். அவை மங்கும்போது தொட்டியை உள்ளே இழுத்து, தாழ்ப்பாள் போட, துண்டு வைக்க உங்களுக்கு நேரம் இருக்கும். குளிர்க்காற்று முகத்தில் பட்ட பிறகு பால்கனிக்குப் போகாதீர்கள். பின்னாலேயே மின்னல் வருகிறது.

பலமான வீச்சு முதல் சில நிமிடங்களில்தான், மழை ஒன்றிரண்டு மணி நேரம் தொடரும். கடல் ஏறி வருமோ என்ற பயம் வேண்டாம். பெரிய அலை எழும்ப நீண்ட கடற்பரப்பும் பல மணி நேரக் காற்றும் வேண்டும், ஜோகூர் நீரிணையில் இரண்டும் இல்லை. ஆனால் அந்த நேரத்தில் கீழே கடலோர நடைபாதையில் யாரும் ஓடவோ சைக்கிள் ஓட்டவோ போகக் கூடாது, மரக்கிளைகள்தான் காரணம். காலையில் நடக்கப் போகும் பெரியவர்களுக்கு இதை அழுத்திச் சொல்லுங்கள்.

பருவநிலை மாற்றத்தால் இந்தச் சூறைக்காற்றுகள் பெருகுமா என்பதில் கடல்மட்டம் அளவுக்கு உறுதியான விடை இல்லை. நூற்றாண்டு முடிவில் சிங்கப்பூரைச் சுற்றிய கடல்மட்டம் சராசரியாக 1.15 மீட்டர் வரை உயரக்கூடும் என்று 2024 ஜனவரியில் வெளியான தேசிய ஆய்வு சொன்னது. சில நிமிடம் அடித்து ஓயும் காற்றை அப்படி நீண்டகாலத்துக்குக் கணிப்பது இன்னும் கடினம். வீட்டை விற்பதற்கு அது காரணமாகாது. நான் விற்க மாட்டேன். பெரிய புயல் வரும் ஊர்களில் கடலோரம் கட்டிய வீட்டுக்கும் இங்கே கடலோரம் இருக்கும் வீட்டுக்கும் உள்ள ஆபத்து ஒன்றல்ல.

இந்த வார இறுதியில் ஒரு மணி நேரம் ஒதுக்கி, பால்கனிக் கதவின் தண்டவாளத்தைக் கழுவி, உள்விளிம்பு எத்தனை சென்டிமீட்டர் உயரம் என்று அளவுகோல் வைத்துப் பாருங்கள். படுக்கையறைச் சன்னல்களின் கீல்களைப் பகல் வெளிச்சத்தில் அருகிலிருந்து படம் எடுங்கள். பிள்ளையின் கட்டில் கண்ணாடியை ஒட்டி இருந்தால் உள்சுவர்ப் பக்கம் நகர்த்திவிடுங்கள். படங்களையும் அந்த அளவையும் இங்கே போட்டால் பார்த்துவிட்டு மேலே சொல்கிறேன்.